அமானிதப் பணியாரம்

காய்ச்சலைத் தேவ அருள் என்று எண்ணி நாட்கணக்கில் முழங்காலில் நின்ற மனிதன் இந்த மட்டக்களப்பில் ஒருவன்தான் இருப்பான். அவனைத் தேடி நீங்கள் எங்கும் போகவேண்டாம். இதை எழுதுகிறவன்தான் அவன்.

நான் ஒரு புறக்கிராசியாரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கர். வழக்குக்கு வருகிறவர்கள் சொல்வதை எழுதுவதும், எழுதாத நேரத்தில் அவர்களைவிடக் கூடுதலாகப் பேசுவதும் என் தொழில். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முந்திய ஆகமன காலம் தொடங்கியபோது என் மச்சான் ஞானவொடுக்கம் செய்துவிட்டு வந்தான். ஞானவொடுக்கம் என்றால் வீட்டை விட்டு ஒதுங்கி, பேச்சையும் சாப்பாட்டையும் குறைத்து, சில நாள் கடவுளையே நினைத்திருப்பது. திரும்பி வந்தவனைப் பார்த்துச் சனமெல்லாம் "முகத்தில ஒரு ஒளி தெரியுது" என்றது. என் கண்ணுக்கு, வெயிலில் தோணி வலித்த கறுப்புத்தான் தெரிந்தது. ஆனாலும் பொறாமை விடவில்லை. அவன் முகத்தில் ஏறிய ஒளி என் முகத்தில் ஏறாதா?

செட்டிபாளையத்துக்கு அப்பால், வாவியோரத்தில் ஒரு சிறு கோயில். அதன் பின்னறையில் ஒரு பாயும் மெழுகுதிரியும் செபமாலையுமாகப் போய் இறங்கினேன். முதல் நாள் முழங்கால் வலித்தது. அடுத்த நாள் தலையில் ஒரு சூடு ஏறியது. அதற்கடுத்த நாள் உடம்பு நடுங்கியது, காதில் மணி ஒலித்தது, சோற்றைக் கண்டால் குமட்டியது. அர்ச்சிஷ்டவர்களான புனிதர்களுக்கும் பசி இருந்ததில்லையாமே! எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மச்சானுக்கு இவ்வளவு வந்திருக்காது என்று அந்த நடுக்கத்திலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். கோயில் மணி அடிக்கும் சூசைப்பிள்ளையிடம், "எனக்குள்ள ஒரு அக்கினி இறங்கியிருக்கு" என்றும் சொல்லிவைத்தேன். அந்தப் புண்ணியவான் அதைக் கேட்டுப் பயந்து, கரைவலைக்காரரின் தோணியில் ஏறி, என் மனைவி பிலோமினாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அவள் வந்தாள். என் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"இது அக்கினி இல்ல. காய்ச்சல். எழும்புங்க."

என் ஞானவொடுக்கம் அத்துடன் முடிந்தது.

முதலில் மலேரியா என்று குயினைன் தந்தார்கள். காது அடைத்ததே தவிர காய்ச்சல் அசையவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் நாளைவிட ஒரு படி மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு என்னை மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு மேல் கிடத்தி வாவிக்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளி விறாந்தை வாங்கில் என்னைப்போல் பலர் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் இருமினால் எல்லோரும் இருமினோம். பிலோமினா தன் மடியில் என் தலையைச் சாய்த்து வைத்து, முந்தானையால் ஈ விரட்டினாள். செலவுக்கு என்ன செய்தாய் என்று நான் முனகியதற்கு, "அது என்ட அலுவல்" என்று வாயை அடைத்துவிட்டாள். அவள் காதில் தோடு இல்லாததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வருவதற்கு முன்பே, என் வயிற்றில் கிளம்பிய சிவந்த புள்ளிகளைப் பார்த்து டாக்குத்தர் சொல்லிவிட்டார்: நெருப்புக் காய்ச்சல். இங்கிலீசில் அதற்கு டைபோயிட்டு என்று பேர். அவர் நல்ல மனிதர், என் மரமண்டைக்கும் ஏறும்படி விளக்கினார்.

"இது குடலில வாற வருத்தம். உள்ளுக்குள்ள புண். அந்த இடத்தில குடல் நனைஞ்ச கடதாசி மாதிரி மெலிஞ்சிருக்கும். கட்டிச் சாப்பாடு ஒரு துண்டு போனாலும் கிழியும். கிழிஞ்சா என்னால தைக்கேலாது. விளங்குதா?"

"மருந்து, டாக்குத்தர்?"

"மருந்து இல்ல. பாலும் பார்லித் தண்ணியும் சிஸ்டரும்தான். மிச்சம் நீங்க பொறுத்துக்கிடக்கிறது."

பொறுத்துக்கிடப்பது! இருபது வருடமாக ஒரு நாற்காலியில் ஒழுங்காக இருந்தறியாதவனுக்கு எழுதிக்கொடுத்த மருந்தைப் பாருங்கள்.

வார்டில் எனக்கு இடப்பக்கக் கட்டிலில் காத்தான்குடி ஆதம்லெவ்வை. கைத்தறிச் சாறன் வியாபாரி. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குச் சாறன் மூட்டைகளோடு போன வண்டி குடை சாய்ந்ததில் தொடை எலும்பு முறிந்து, காலுக்கு இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டி, நுனியில் ஒரு பாரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். முறிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்தாமல் இருக்க அப்படி இழுத்துவைப்பதாம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அவர்கள் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்பேன்; அவர் என்னைக் கிளாக்கர் என்பார். நான் காய்ச்சலில் பிதற்றியதையெல்லாம் மறுநாள் எனக்கே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்.

"நேத்து நீங்க நீதவானுக்கே தண்டம் போட்டுட்டீங்க, கிளாக்கர். நல்ல தீர்ப்பு."

அவர் தொழுவதை நான் முதல்முறை கவனித்தபோது ஏதோ வலியில் கண்ணைச் சிமிட்டுகிறார் என்று நினைத்துச் சிஸ்டரைக் கூப்பிட வாய் திறந்தேன். குனியவும் நிமிரவும் முடியாததால் அதையெல்லாம் கண்ணிமையாலேயே செய்துகொண்டிருந்தார்.

"கண்ணாலயே தொழலாமா, காக்கா?"

"காலை முறிச்சவன் கண்ணை விட்டுத்தானே வெச்சிருக்கான்."

அந்த வருடம் நோன்பு மாதம் மார்கழியில் வந்து விழுந்தது. தலைப்பிறை தெரிந்த அன்று, நடக்க முடிந்த நோயாளிகளெல்லாம் விறாந்தையில் நின்று வாவிக்கு மேலே பார்த்து அவருக்குக் கூவிச் சொன்னார்கள். அவர் நோன்பு வைக்கப்போகிறேன் என்றதும் சிஸ்டர் அன்னாவுக்குக் கோபம் வந்தது. எலும்பு பொருந்தப் பால் வேண்டாமா என்று டாக்குத்தரிடம் முறையிட்டார். டாக்குத்தர் யோசித்துவிட்டு, பகலில் குடிக்கிறதையும் சேர்த்து இராவில் குடி என்று லெவ்வையிடம் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆக, விடிவதற்கு முன் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. அந்த நேரத்துக்கே தெருவில் மார்கழிப் பசனைக்காரரின் சங்கும் சேமக்கலமும். அது ஓய எங்கள் கோயில் மணி. அந்த மாதம் முழுவதும் கடவுளுக்கு நித்திரை என்பதே இருந்திருக்காது.

சிஸ்டர் அன்னாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் எனக்குச் சோறு செரிக்காது. கடல் கடந்த எங்கேயோ குளிர்தேசத்துப் பெண். புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். "தங்கள் நாவை நீட்டுக" என்பார். காய்ச்சல் ஏறும்போதெல்லாம் ஈரத்துணியால் என் உடம்பைத் துடைத்து இறக்குவார். ஞானவொடுக்கத்துக்காக நான் தோணி பிடித்துப் போனேனே, இந்த அம்மாவின் தியானமெல்லாம் ஒரு மலச்சட்டிக்கும் அடுத்த மலச்சட்டிக்கும் நடுவில் நடந்தது. திரிகால செப மணி அடித்தால் கையில் எது இருந்தாலும் அப்படியே நிற்பார். கண் மூடாது. உதடு மட்டும் அசையும். மணி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். என் மச்சானின் முகத்தில் ஒளி தேடிய சனம் ஒருமுறை இந்த வார்டுப் பக்கம் வந்திருக்கலாம்.

நத்தாருக்குக் கொஞ்சம் முன்பு ஒரு சாவு நடந்தது. எனக்கு எதிர்க்கட்டிலில் பனிச்சங்கேணி மீன்பிடிகாரர் ஒருவர், எனக்கிருந்த அதே வருத்தம். காய்ச்சல் இறங்கிப் பசி வந்து, சிரித்துப் பேச ஆரம்பித்திருந்தார். அவர் தமையன் பாசம் தாங்காமல், யாரும் பார்க்காத நேரத்தில் மடியில் கொண்டுவந்த பிட்டை ஊட்டிவிட்டார். அன்று பின்னேரம் வயிறு பலகைபோல் இறுகியது. அடுத்த நாள் அந்தக் கட்டிலுக்கு வெள்ளைத்துணி புதிதாக விரித்திருந்தார்கள். தமையன் விறாந்தைத் தூணில் தலையை மோதிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

ஆனால் பயமும் பசியும் ஒரே வயிற்றில்தானே இருக்கின்றன! என் காய்ச்சலும் காலையில் இறங்கிப் பின்னேரம் ஏறத் தொடங்கியது. இறங்கிய நேரமெல்லாம் பசி. பசி என்றால் நீங்கள் நினைக்கிற பசி அல்ல. சுவரில் வெள்ளையடித்த சுண்ணாம்பு தயிராகத் தெரிகிற பசி. பிலோமினா ஒவ்வொரு நாளும் வரும்போது ஈரத்தலையோடு வந்தாள். ஏன் இந்த மார்கழிப் பனியில் தலை முழுகுகிறாய், உனக்கும் காய்ச்சல் வேண்டுமா என்று ஏசினேன். அவள் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு என் மூத்த மகள் சொல்லித்தான் தெரியும்: அடுப்படியில் நின்ற புகையும் கறிமணமும் தலைமயிரில் ஒட்டியிருந்தால் எனக்குப் பசி கிளம்புமே என்று, குளித்துப் புதுச்சேலை மாற்றிவிட்டே வந்திருக்கிறாள். அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் பலகாரமே சுடவில்லையாம்.

நத்தாருக்கு முந்திய நாள் சிஸ்டர் மருந்து மேசையில் பாலன் குடில் வைத்தார். சுற்றிவரப் பஞ்சைப் பிய்த்துப் போட்டார்.

"என்ன சிஸ்டர், புள்ளைக்குக் காயமா? இவ்வளவு பஞ்சு!" என்றார் லெவ்வை.

"பனி. எங்கள் ஊரில் இக்காலத்தில் நிலமெல்லாம் இவ்வாறு வெண்மையாக இருக்கும்" என்றார் சிஸ்டர். பிறகு அந்தப் பஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, யாருக்கோ சட்டி வேண்டும் என்ற குரல் கேட்டு எழுந்து போனார்.

நத்தார் தினம். காலையில் சுவாமியார் வந்து நற்கருணை தந்தார். அது மெல்லிய அப்பம், அதைத் தண்ணீரில் நனைத்துத் தர டாக்குத்தர் சம்மதித்திருந்தார். மத்தியானம் பார்வையாளர் வந்தார்கள். நத்தார் நாளில் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் சனத்துக்குப் பெரிய அவமானம். ஆசுபத்திரியானாலும் அப்படித்தான். வாசலில் சிலதைப் பறித்துவைத்தார்கள். என் மாமியிடம் பறிக்க ஆள் இன்னும் பிறக்கவில்லை. சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் தலையணைக்குக் கீழே திணித்தார்.

"மாமி, சாப்பிடப்படா எண்டு டாக்குத்தர்..."

"அவருக்கென்ன தெரியும்? நத்தாருக்குப் பயற்றம் பணியாரம் திண்டு செத்தவன் ஆரு? எலும்பும் தோலுமாக் கிடக்கிறாய், மனே. கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சுக்கொள்."

மாமி போனார். சிஸ்டர் ஆசீர்வாதப் பூசைக்குப் போயிருந்தார். வார்டே மத்தியான உறக்கத்தில் இருந்தது. தலையணைக்குக் கீழிருந்து வறுத்த பயறும் சர்க்கரையும் ஏலக்காயும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டன. ஒன்றை எடுத்தேன். பொன்னிறம். விளிம்பு மொரமொரவென்று. எதிர்க்கட்டிலைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஒரு கடி. ஒரே ஒரு கடி. நன்றாக மென்று கூழாக்கி விழுங்கினால் அது பார்லித் தண்ணீருக்கு என்ன வித்தியாசம்? புறக்கிராசியாரிடம் கற்ற நியாயமெல்லாம் என் பல்லுக்காக வாதாடியது.

"கிளாக்கர்."

திரும்பினேன். லெவ்வை கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"கையில என்ன?"

"ஒண்டுமில்ல, காக்கா."

"அந்த ஒண்டுமில்லாததின்ட வாசம் இஞ்ச மட்டும் வருது. பணியாரமா?"

பணியாரத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு. இண்டைக்கு நோன்பு திறக்க என்னட்ட ஒண்டும் இல்ல. வீட்டால இன்னும் ஆளனுப்பல்ல. அதைத் தாறீங்களா? நோன்பு திறக்கக் குடுக்கிறவருக்கும் நோன்பு வெச்ச நன்மை வரும் எண்டு சொல்லுவாங்க. நத்தாரும் அதுவுமா, நல்ல காரியம்."

அவருக்கு எப்படி இல்லை என்பது? நீட்டினேன்.

"இப்ப வேணாம். பொழுது படவேணும். என்ட மேசையில வெச்சா எறும்பு வரும். உங்கட கையிலயே இருக்கட்டும். மறுகா, ஒண்டு சொல்றன்: அது இனி உங்கட பணியாரம் இல்ல. என்ட அமானிதம்."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதை எடுத்து அனுபவிப்பவனுக்கு அவர்கள் மார்க்கத்தில் மன்னிப்பில்லை. எங்கள் நீதிமன்றத்திலும் இல்லை. ஒப்படைத்த பொருளைத் தின்றவர்கள் பேரில் எத்தனை வழக்கை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்! டாக்குத்தரின் கட்டளையை மீறலாம் என்று தோன்றியது. என் உயிரை நானே விற்றுத் தின்னலாம் என்றும் தோன்றியது. ஆனால் பட்டினியாகக் கிடக்கிற மனிதன் நம்பித் தந்த பணியாரத்தை எப்படிக் கடிப்பது?

ஆகவே அதைக் கையில் வைத்துக்கொண்டு கிடந்தேன். சன்னலுக்கு வெளியே வாவி. வெயில் வெள்ளையாக இருந்தது, பிறகு மஞ்சளானது. ஒரு தோணி எங்கள் சன்னலின் ஒரு கம்பிக்கும் மறு கம்பிக்கும் இடையில் வெகுநேரம் நின்றது, அதில் இருந்தவன் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தான். தண்ணீரில் வெளிச்சம் மெல்லச் சரிந்தது. பசி ஒரு ஓரமாகப் போய்க் குந்திக்கொண்டது. நான் செபிக்கவில்லை. நான் எதையும் நினைக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். பக்கத்தில் ஒரு மனிதர் எதற்காகக் காத்துக்கிடந்தாரோ அதற்காக நானும் காத்துக்கிடந்தேன், அவ்வளவுதான். சூரியன் தண்ணீரைத் தொட்டபோது என் கன்னம் நனைந்திருந்தது. காய்ச்சல் வேர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாங்கு கேட்டது. கையை நீட்டினேன். கட்டிலுக்குக் கட்டில் எட்டாமல், இரண்டு பேரும் விரல்நுனியில் எட்டிப் பிடித்துக் கைமாற்றினோம். அவர் "பிஸ்மில்லா" சொல்லி ஒரு கடி கடித்தார். முகம் சுளித்தமாதிரி இருந்தது. கால் வலி என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் தந்த தொதல், கொக்கிஸ், கேக் எல்லாம் பொழுதுபடும்வரை என் கையில் அமானிதம், பிறகு அவர் வாயில். சிஸ்டருக்குத் தெரியாமல் இருக்குமா? கண்டும் காணாதவர்போல் எங்களைக் கடந்துபோவார். நானோ தினமும் ஒரு நோன்பாளிக்குத் தருமம் செய்கிறேன் என்று கட்டிலில் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு கிடந்தேன்.

வருடப்பிறப்பன்று காலையில் சிஸ்டர் கண்ணாடிக் குழாயை என் நாக்கின் கீழ் வைத்துப் பார்த்து, "தங்கள் காய்ச்சல் நீங்கிற்று" என்றார். பின்னேரமும் அது ஏறவில்லை. அந்தச் சந்தோசத்தில் நான் கிடந்தபோதுதான் லெவ்வையின் மனைவி வந்தார். தலையை மூடிய முக்காட்டுக்குள்ளிருந்து கோபம் மட்டும் தெரிந்தது.

"இஞ்சாருங்க, நோன்புக் கஞ்சியும் ஈச்சம்பழமும் நாளும் குடுத்தனுப்புறன். அதையெல்லாம் அங்கால கட்டில்காரருக்குக் குடுக்கிறீங்களாமே? என்ன குறை என்ட கஞ்சியில?"

"குறை ஒண்டுமில்லகா. சும்மா பறையாத."

"மறுகா, பணியாரமும் கேக்கும் திங்கிறீங்களாம்!" அவர் என் பக்கம் திரும்பினார். "இந்த மனுசன் இனிப்பெண்டா கிட்டயும் எடுக்கமாட்டாரு, தம்பி. பெருநாள் வட்டிலாப்பத்தையே தள்ளிவெச்சிட்டு எழும்பிப் போவாரு. இனிப்புத் திண்டா ஓங்காளிக்கும். இஞ்ச வந்து என்ன புடிச்சிருக்கு இவருக்கு?"

லெவ்வை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாகக் கண்ணிமையை அசைத்துத் தொழத் தொடங்கிவிட்டார். அது தொழுகிற நேரமே அல்ல.

வருடப்பிறப்புக் கழிந்து வந்த மூன்று இராசாக்கள் திருநாளன்று டாக்குத்தர் எனக்குக் குழையக் காய்ச்சிய சோறு தரலாம் என்றார். பிலோமினா மத்தியானமே ஓடிவந்தாள். நான் பொழுதுபட்டதும் சாப்பிடுகிறேன் என்றேன்.

"ஒரு மாசமாச் சோறு சோறெண்டு கத்திப்போட்டு, இப்ப வேணாமாம்! காய்ச்சல் திரும்பிட்டுதா?" என்று புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நான் காரணத்தைப் பணியாரக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். அவள் லெவ்வையை ஒருமுறை பார்த்தாள். சோற்றை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பின்னேரம் சூடாகத் திரும்பக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு சட்டியில் உறைப்பாக ஒரு மீன்சொதி, லெவ்வைக்கு.

சிஸ்டர் இரண்டு கட்டில்களையும் இழுத்துப் பக்கத்தில் போட்டார். வாவி சிவந்து இருண்டது. பாங்கு கேட்டது. லெவ்வை ஈச்சம்பழத்தைக் கடித்தார். என் முன்னால் ஆவி பறக்கச் சோறு. எனக்கு அந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

"காக்கா, நான் தியானத்தைத் தேடிக் கோயில்வழியப் போனன். அது எனக்குக் கிடைச்சது உங்கட பக்கத்துக் கட்டில்ல. ஒரு மனுசனுக்காக இன்னொரு மனுசன் தனக்குப் பிடிக்காததைத் திண்டு காட்டின அந்தப் புண்ணியம் இருக்கே, அதை நான் எங்கயும் வாசிக்கல்ல, எந்தப் பிரசங்கத்திலயும் கேக்கல்ல. என்ட உயிர் இனி உங்கட அமானிதம். வாற வருசம் நோன்புக்கு நானும் உங்களோட..."

"சோறு ஆறுது" என்றார் லெவ்வை.